உம் கொட்டிய குற்றம்

சென்ற மாதம் துபாஷிகளுக்கு ஒரு பரீட்சை நடந்தது. இனிமேல் கோர்ட்டில் மொழிபெயர்க்க வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ திடீரென்று தோன்றியிருக்கிறது. அப்படியானால் இத்தனை காலம் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொன்னால் பல பேருடைய பென்ஷன் ஆட்டம் கண்டுவிடும். பரீட்சை எழுதிய இளைஞர்கள் மூன்று பேர் கேள்வித்தாளையும் எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ‘ஹியர், லிசன் ஆகிய இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக’ என்ற கேள்வி அவர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

ஒருவர், இரண்டுக்கும் ஒரே காதுதான் என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறார். இன்னொருவர், பக்கத்தில் இருப்பதைக் கேட்டால் ஹியர், தூரத்தில் இருப்பதைக் கேட்டால் லிசன் என்று ஒரு புதுச் சட்டமே இயற்றியிருக்கிறார். மூன்றாமவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து எழுதினாராம். பக்கத்திலிருந்தவர் ஒன்றும் எழுதவில்லையாம்.

“நீங்களா இருந்தா என்ன சார் எழுதியிருப்பீங்க?” என்று கேட்டார்கள்.

சத்தம் தானாகக் காதில் விழுந்தால் அது ஹியர். நாமாகக் காதைக் கொடுத்தால் அது லிசன். இந்த இரண்டு வரியை எழுதினால் முழு மார்க்கும் கிடைத்துவிடும். ஆனால் ஜொகூர் கோர்ட்டுகளில் தலை நரைத்த எனக்கு இதை இரண்டு வரியோடு விட மனம் வரவில்லை. கோர்ட்டில் வழக்குகள் ஹியரிங்குக்கு வரும். ஹியரிங் தள்ளி வைக்கப்படும், மறுபடி வரும், முடியும். லிசனிங்குக்கு இன்ன தேதியில் ஆஜராகவும் என்று யாருக்கும் சம்மன் போனதை நான் கண்டதில்லை. இதைச் சொன்னதும், “அப்படியே எழுதிக் குடுங்க சார், நம்ம சங்க மலர்ல போட்டுடலாம்” என்று பிடித்துக்கொண்டார்கள். வந்த வினையை நானே வரவழைத்துக்கொண்டேன்.

எந்த ஊர்க் கோர்ட்டு என்று எழுதப் போவதில்லை. லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து ரயிலில் போகக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறவன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சி என்று ஒன்று இருந்தது. ஒரு மூலையில் பெஞ்சைப் போட்டு, உட்கார்ந்து பார் என்றார்கள். பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும், எழுந்து பேசு என்றார்கள். பேசினேன். பயிற்சி முடிந்தது. ஒரே ஒரு விதியை மட்டும் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். துபாஷி என்பவன் ஆளே இல்லை, அவன் ஒரு குழாய். இந்தப் பக்கம் ஊற்றியது அந்தப் பக்கம் வர வேண்டும். சாட்சி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் காலையில் நான் மாட்டைத் திருடியவனாக இருப்பேன், பகல் சாப்பாட்டுக்கு முன்னால் மாட்டைப் பறிகொடுத்தவனாக இருப்பேன், சாயங்காலம் மனைவியை அடித்துவிட்டு அழுகிறவனாக வீட்டுக்குப் போவேன். வீட்டில் இருந்தவளுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை.

எங்கள் தலைமைத் துபாஷி கந்தையா யாழ்ப்பாணத்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. வாயில் எப்போதும் ஒரு கராம்பு, அதாவது நம் கிராம்பு. வழக்கு ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். பழையவர்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சாட்சி வாயை மூடிய மறு நொடி, மூடிய கண்ணோடு அத்தனையும் ஆங்கிலமாக வரும், இடையில் மூச்சு விடாமல். கொலைக்கும் லைசென்ஸ் இல்லாத நாய்க்கும் அவரிடம் ஒரே குரல்தான். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். முகத்தைப் பார்த்தால் மொழிபெயர்ப்பு கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

ஒரு தடவை ஒரு கிழவியின் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. வெளியே வந்ததும் அவர் என்னை ஓரமாக நிறுத்தினார்.

“தம்பி, உமக்குச் சம்பளம் ஹியர் பண்ணுறதுக்கு மட்டுந்தான். லிசன் பண்ணுறதெண்டால் அது உம்மடை சொந்தச் செலவு, விளங்கிச்சோ?”

விளங்கியது என்றேன். அப்போது விளங்கவில்லை.

இனி எங்கள் மாஜிஸ்திரேட் துரை. இளம் வயது, நல்ல குடும்பம், சிவந்த மூக்கு. காது கேட்கும் சக்தியில் அவரைக் குறை சொல்லவே முடியாது. மூன்றாவது பெஞ்சில் யாராவது கொட்டாவி விட்டால் கேட்கும். கிளப்பில் டென்னிஸ் பந்து அடிக்கிற சத்தம் கேட்கும். வாக்குமூலம் நடக்கும்போது முன்னால் இருக்கும் மை ஒற்றும் தாளில் பறவைகள் வரைவார். வழக்கு நீண்டால் கொக்கு, சீக்கிரம் முடிந்தால் சிட்டுக்குருவி. பால்மரத் தோட்டத்து, அதாவது ரப்பர்த் தோட்டத்து, வழக்கு என்றால் பெரும்பாலும் சிட்டுக்குருவிதான்.

சடையன் வழக்கு வந்தபோது ஜொகூர் நீரிணையில் கல்லைக் கொட்டிச் சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய யுத்தம் முடிந்து, ரப்பர் விலை தரையோடு தரையாகக் கிடந்தது. அந்த நேரத்தில் ஒரு சாக்கு ஒட்டுப்பாலைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. ஒட்டுப்பால் என்பது மரத்தின் வெட்டுவாயில் காய்ந்து ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்கிற கழிவு ரப்பர். நல்ல ரப்பரையே வாங்க ஆள் இல்லாதபோது அதைத் திருடுகிறவன் முதலில் பைத்தியம், அப்புறம்தான் திருடன். ஆனால் சாக்கு சடையனுடைய வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

சடையன் லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவன். அவன் மனைவி பச்சையம்மாளுக்கு நிறைமாதம். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற முடியவில்லை, இலேசான வேலை கொடுங்கள் என்று சடையன் கங்காணியிடம் கேட்டிருக்கிறான். கங்காணி முடியாது என்றார். சடையன் அத்தோடு நிற்காமல் நேரே தோட்டத்துத் துரையிடம் போய்க் கேட்டுவிட்டான். துரை ஏதோ நல்ல மனநிலையில் இருந்து, சரி என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே சடையனின் வீட்டுக்குப் பின்னால் சாக்கு முளைத்தது. சடையன் சிறைக்குப் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும், நிறைமாதக்காரி எங்கே போவாள் என்பது தோட்டம் முழுவதுக்கும் தெரியும். கங்காணிக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

இங்கே நம்மவர்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எதிரில் ஒருவர் பேசும்போது நாம் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘உம்’ கொட்டுவோம், ஒரு ‘சரிங்க’ போடுவோம், கூடவே தலை ஆடும். நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது, நான் மனதை வேறெங்கும் விடவில்லை, மேலே சொல்லுங்கள் என்று அதற்குப் பொருள். ஒப்புக்கொண்டேன் என்று அல்ல. ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தாலும் முதலில் ‘உம்’ வரும், பிறகுதான் அழுகை வரும். உம் கொட்டாமல் நிற்கிறவனை மரியாதை தெரியாதவன் என்போம். தோட்டத்தில் இது இன்னும் கண்டிப்பு. காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் துரை நின்று பேசும்போது நூறு தலைகளும் ஆட வேண்டும். ஆடாத தலையைக் கங்காணி குறித்து வைத்துக்கொள்வார்.

சடையனைக் கூண்டில் ஏற்றினார்கள். அன்று மொழிபெயர்ப்பு என்னுடையது. குமாஸ்தா குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் துண்டு துண்டாக வாசிக்க, நான் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னேன். அதுதான் முறை.

“இன்ன தேதியிலே, இன்ன தோட்டத்திலே...”

“சரிங்க.”

“தோட்டத்துக்குச் சொந்தமான ஒட்டுப்பால் ஒரு சாக்கு...”

“உம்.”

“நீ திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறாய்.”

“சரிங்கையா.”

துரை சிட்டுக்குருவியின் வாலை முடித்துவிட்டுப் பேனாவைப் பதிவேட்டுக்கு நகர்த்திவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, விசாரணை கேட்கிறாயா என்று நான் இன்னும் கேட்கவில்லை. அவசரமாகக் கேட்டேன். ஒப்புக்கொள்கிறாயா என்ற பாதிக்கு ஒரு தலையாட்டல் வந்தது. விசாரணை கேட்கிறாயா என்ற மீதிக்கும் ஒரு தலையாட்டல் வந்தது. ஆனால் முதல் பாதியிலேயே துரை எழுதி முடித்துவிட்டார். இரண்டாவது தலையாட்டல் அவருக்குத் தேவைப்படவில்லை.

“சார், இவன் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்” என்றேன்.

கோர்ட்டில் குழாய் பேசினால் எப்படி இருக்கும்? எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“எனக்கும் காது இருக்கிறது” என்றார் துரை, மிகவும் சாந்தமாக. “அவன் சொன்னதை நான் கேட்டேன். தலையை ஆட்டியதைக் கண்ணாலும் பார்த்தேன். தலையாட்டலை மொழிபெயர்க்க அரசாங்கம் உமக்குச் சம்பளம் தருவதாக எனக்குத் தெரியாது.”

பிறகு சட்டப்படி செய்ய வேண்டியதையும் விடாமல் செய்தார். ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம், அது உனக்குப் புரிகிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். சடையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “சரிங்கையா, சரிங்க” என்று இரண்டு தடவை தலையை ஆட்டினான். இவ்வளவு பண்பான குற்றவாளியை ஜொகூரில் பார்த்ததில்லை என்று துரை குமாஸ்தாவிடம் சொன்னார். குமாஸ்தாவும் தலையை ஆட்டினார். அவர் மேல் யாரும் குற்றம் பதியவில்லை.

வாசற்படி ஓரத்தில் பச்சையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துரை ஆங்கிலத்தில் என்ன பேசினார், என்ன எழுதினார் என்று தெரியாததால், இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவள் நினைப்பு. புருஷன் மரியாதையாக நின்று பதில் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்து கண்ணைத் திருப்பித் தரையைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கந்தையா சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது.

தண்டனை சொல்வதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொள்ளத் துரை கங்காணியைக் கூப்பிட்டார். கோட்டு, தலைப்பாகை, கடுக்கன் சகிதம் கங்காணி வந்து நின்றார். நான் எழுந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

“நீர் இரும்” என்றார் கந்தையா. கண் திறந்திருந்தது.

கங்காணி சாக்கு அகப்பட்ட கதையைச் சொன்னார். கதை முடிந்ததும் துரைக்கு ஓர் உபதேசம் செய்யத் தோன்றியது. குற்றவாளி பண்பாக நடந்துகொண்டதில் அவர் மனம் இளகியிருக்க வேண்டும். ரப்பரைத் திறந்த வெளியில் போட்டு வைப்பது தோட்டத்தாரின் தவறு, ஏழைகளுக்கு ஆசை காட்டுகிறீர்கள், ஒரு வகையில் நீங்கள்தான் பெரிய திருடர்கள் என்று நீட்டி முழக்கினார். இது ஆங்கிலத்தில் கேட்க மிகவும் நன்றாக இருந்தது.

கந்தையா மொழிபெயர்த்தார். வழக்கமாக மூச்சு விடாமல் கொட்டுகிற மனிதர் அன்று ஒவ்வொரு துண்டாகச் சொன்னார். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு நிறுத்தினார். ஒரு தலை சாவகாசமாக ஆடி முடிக்கிற அளவுக்கு நிறுத்தினார்.

“ஒட்டுப்பாலை வெளியிலை போட்டு வைச்சது நீர்.”

“உம். சரிங்க தொரை.”

“திருட வழி காட்டினது நீர்.”

“சரிங்க தொரை.”

“அவனைவிடப் பெரிய கள்ளன் நீர்தான்.”

“சரிங்க தொரை, சரிங்க.” கடுக்கன் மின்ன மின்ன ஆடியது அந்தத் தலை.

கந்தையா துரையின் பக்கம் திரும்பினார். லைசென்ஸ் இல்லாத நாய்க்கு வைத்திருக்கும் அதே குரலில், “சாட்சி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், சார்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேனா நின்றது. பின்பெஞ்சில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் சிரித்துவிட்டார். என்ன நடந்தது என்று பக்கத்தில் விசாரித்த கங்காணிக்கு முகம் வெளுத்தது.

“இல்லிங்க தொரை, இல்லிங்க. நீங்க சொன்னத நான் கேட்டுக்கிட்டுல்ல நின்னேன்.”

அதைக் கந்தையா ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தார். துரையின் மூக்கிலிருந்த சிவப்பு மெல்ல முகம் முழுவதும் பரவியது. பறவைகள் இருந்த தாளை ஓரமாகத் தள்ளினார். பிறகு பதிவேட்டில் எழுதியதை அடித்துவிட்டு, எதிரி விசாரணை கேட்கிறான் என்று எழுதினார். விசாரணைக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் குறித்தார்.

வெளியே வந்ததும் கந்தையாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

“நான் ஒண்டும் செய்யேல்லை. வாயிலை கராம்பு சிக்கிப் போச்சு, மெதுவாய்த்தான் கதைக்க முடிஞ்சது. நீர் போய் உம்மடை வேலையைப் பாரும்.”

துரை தவறு தன்னுடையது என்று எண்ணியிருப்பார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு உத்தியோகத்தில் இருந்த அனுபவம் இல்லை என்று அர்த்தம். இந்த மக்களுடைய கழுத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவர் முடிவு செய்தார். மறுநாளே உத்தரவு வந்தது. கூண்டில் நிற்பவர்கள் குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது தலையை அசைக்கக் கூடாது. வாயால் சத்தம் எழுப்பக் கூடாது. அதைக் கவனிக்கக் கூண்டுக்குப் பின்னால் ஒரு மாத்தா-மாத்தா, அதாவது மலாய்ப் போலீஸ்காரர், நிறுத்தப்பட்டார். தலை ஆடியதும் அவர் தோளில் தட்டி, “ஜங்ஙான் அங்கோக்” என்பார், ஆட்டாதே என்று. வாழ்நாளில் தலையாட்டியறியாத சீனக் கடைக்காரர்களுக்கும் அந்தத் தட்டு விழுந்தது. கழுத்தைச் சொறிந்த ஒரு கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பெரியவருக்கும் விழுந்தது. லிசன் பண்ணுவதைத் தடை செய்து கோர்ட்டு போட்ட உத்தரவு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். காதில் விழுவதற்கு மட்டும் ஆட்சேபம் இல்லை.

விசாரணை வரை சடையன் லாக்கப்பில் இருந்தான். உத்தரவை அவனுக்கு விளக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கம்பிக்கு வெளியே நின்று சொன்னேன்.

“சடையா, துரை முன்னால நிக்கிறப்ப தலைய ஆட்டக் கூடாது.”

“சரிங்கையா” என்று தலையை ஆட்டினான்.

“இப்ப ஆட்டுறியே, இதைத்தான் கூடாதுன்னு சொல்றேன்.”

“ஆட்ட மாட்டேங்கையா.” மறுபடியும் ஆட்டினான்.

“உம் கொட்டவும் கூடாது.”

“உம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. தலையாட்டியதால் சிறைக்குப் போக இருந்தான் என்பதை விளக்கமாகச் சொன்னேன். பாதியில் அவன் தலை நின்றுவிட்டது. அதன் பிறகு அவன் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்று கேட்டான். அங்கே காவலுக்கு இருந்த மாத்தா-மாத்தா நல்ல மனிதர். பொழுது போகாமல், தினமும் எதையாவது பேசிச் சடையனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். எனக்குக் கிடைத்த பயிற்சியைவிட அது எவ்வளவோ மேல்.

விசாரணை நடந்த அன்று சடையன் நட்ட கட்டையைப் போல நின்றான். குற்றச்சாட்டு முழுவதும் வாசித்து முடித்த பிறகு, “நான் எடுக்கலிங்க” என்று இரண்டே சொல் சொன்னான். தோட்டத்து ஜாகா, அதாவது காவல்காரர், சிங் சாட்சி சொன்னார். அவர் நேர்மையான மனிதராக இருக்கலாம், அல்லது சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கத் தெரியாதவராக இருக்கலாம். சடையன் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார், சாக்கு இருக்கும் என்று கங்காணிதான் காலையில் சொல்லி அனுப்பினார் என்று போட்டு உடைத்துவிட்டார். சாக்கை யாரும் தேடுவதற்கு முன்பே அது இருக்கும் இடம் கங்காணிக்கு எப்படித் தெரிந்தது என்று துரை கேட்டார். அன்று அவர் பறவை வரையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சடையனை விட்டுவிட்டார்கள். பச்சையம்மாள் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அன்று சாயங்காலம் நான் நடந்து வீட்டுக்குப் போகவில்லை, மிதந்து போனேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு நண்பகலில், சாப்பாட்டுக்காகக் கோர்ட்டு கலைந்த நேரத்தில், வராந்தாவில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். சடையன் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. பச்சையம்மாள் தோளில் குழந்தை. நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முகத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

“என்னம்மா, என்ன குழந்தை?”

“பொண்ணுங்க” என்றாள். “தோட்டத்த விட்டு அனுப்பிட்டாங்கையா.”

அவள்தான் பேசினாள். விடுதலையாகிப் போன முதல் வாரம், பெரட்டில் தோட்டத்துத் துரை நின்று எல்லோருக்கும் புத்தி சொல்லியிருக்கிறார்.

“எல்லாரும் தலைய ஆட்டினாங்க. இவரு மட்டும் நட்டு வச்ச மாதிரி நின்னாரு. தொரை முன்னால ஆட்டக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லியிருக்காங்கன்னு நின்னாரு. தொரை பாத்தாரு. இவன் ஏன் நான் பேசுறதக் கேக்கலன்னு ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியக் கேட்டாரு. கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சிட்டு வந்த திமிருன்னு கங்காணி சொன்னாரு. மறுநாளும் அப்படியே நின்னாரு. அதுக்கு மறுநாளு சீட்டக் கிழிச்சிட்டாங்க.”

“ஏன் சடையா, கோர்ட்டுக்குள்ள மட்டும்னுதானே நான் சொன்னேன்?” என்றேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை. துரை முன்னால் என்றுதான் சொன்னேன். சடையன் என்னைத் திருத்தவில்லை.

“நெனச்சாலும் வரமாட்டேங்குதாம்” என்றாள் பச்சையம்மாள். “வீட்டுல நான் பேசினாக்கூட உம்னு ஒரு வார்த்தை வரல. செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்குங்க. நீங்க தோட்டத்துத் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். கோர்ட்டுதான் ஆட்டாதன்னு சொல்லிச்சு, இவரு மேல தப்பில்லன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க.”

நான் சொன்னால் கேட்பார்களாம். நான் சொன்னதை எந்தத் துரை எப்போது கேட்டார் என்று நினைத்துப் பார்த்தேன். அதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக விளக்க ஆரம்பித்தேன். கோர்ட்டின் உத்தரவு கோர்ட்டின் நான்கு சுவருக்குள்தான் செல்லும், தோட்டம் தனியார் சொத்து, ஆளை நிறுத்துவது அவர்கள் உரிமை, ஜொகூர் பாருவில் தொழிலாளர் ஆபீஸ் இருக்கிறது, மனுப் போடலாம், போட்டால் விசாரிப்பார்கள், விசாரித்தால் பதில் வரும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் சரியான தகவல். ஒன்றிலும் பிழை இல்லை.

என்னைக் கண்டதும் எழுந்துவிட்ட சடையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு ‘உம்’ இல்லை, ஒரு ‘சரிங்க’ இல்லை, தலை அசையவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் போய் எங்கோ விழுந்தது. விழுந்த சத்தம்கூடத் திரும்பி வரவில்லை. என் நாக்கு தடுமாறியது. சொன்னதையே மறுபடி சொன்னேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. தோட்டத்துத் துரைக்கு வந்த அதே கோபம்தான்.

“நான் இவ்வளவு சொல்றேன், காதுல விழுதா இல்லையா?”

“விழுதுங்கையா” என்றான் சடையன்.

அவ்வளவுதான் சொன்னான். பச்சையம்மாள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள். கூலாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவளுடைய அண்ணன் இருக்கிறானாம், அங்கே வேலை கேட்டுப் பார்க்கப் போகிறார்களாம். சடையன் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான்.

“அவரு எல்லாத்தையும் கேட்டுட்டாருங்கையா” என்றாள் அவள், கோபமே இல்லாமல். “அதுல எங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல. ரயிலுக்கு நேரமாச்சு, நாங்க போயிட்டு வரோங்க.”

நான் தலையை ஆட்டினேன்.